பழைய பிக்கப்ல புரியாத கரண்ட் கோளாறா? வரிசையா பாத்து கண்டுபிடிக்கிற முழு வழிகாட்டி

பிரேக்க மிதிச்சா மீட்டர் போர்டு லைட்டு எரியுது. ஹெட்லைட்ட போட்டா டெம்பரேச்சர் முள்ளு மேல ஏறுது. இண்டிகேட்டர் போட்டா பார்க் லைட்டும் சேர்ந்து மினுக்குது. சாயங்காலம் வரைக்கும் நல்லா ஓடுன வண்டி, விடியக்காலம் 3 மணிக்கு மதுரை மாட்டுத்தாவணிக்கு லோடு ஏத்த கிளம்புறப்ப 'டக்'னு ஒரே சத்தத்தோட நின்னுருது. இந்த மாதிரி கோளாறுக்கு ஆளாளுக்கு ஒன்னு சொல்வாங்க, ஒருத்தர் பிளாஷர மாத்தும்பாரு, இன்னொருத்தர் ஸ்விட்ச மாத்தும்பாரு, மூணாவது ஆளு புது பேட்டரியே போட்ருங்கம்பாரு. எல்லாத்தையும் மாத்துன பிறகும் கோளாறு அப்படியே நிக்கும்.

எங்க வண்டி 2006 மாடல் டீசல் பிக்கப். வாடிப்பட்டி பக்கத்துல இருந்து காய்கறி, பூவுன்னு இத்தன வருஷமா ஓடுது. அதுல நான் பட்டதையும், எங்கூட வண்டி ஓட்டுற தம்பிங்க எந்த எடத்துல தப்பு பண்றாங்கன்னு பக்கத்துல நின்னு பாத்ததையும் வச்சுத்தான் இத எழுதுறேன். நான் கண்ட வரைக்கும் இந்த பேய்க் கோளாறுல பெரும்பாலானது எர்த் கோளாறு, அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்கு திரும்பற வழில கோளாறு. அதனால இங்க சொல்ற வரிசைய மாத்தாதீங்க, பேட்டரி, எர்த், சார்ஜிங், அதுக்கு அப்பறம்தான் மத்தது.

இது 12 வோல்ட் பழைய வண்டிக்கு, அதாவது மெக்கானிக்கல் பம்பு வச்ச டீசலுக்கு எழுதுனது. ஈசியு (இன்ஜின கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்), சென்சார்னு உள்ள காமன் ரெயில் வண்டியா இருந்தா கீழ சொல்ற பல்பு டெஸ்ட் லேம்ப அந்த ஒயருங்கள்ல வைக்காதீங்க, ஈசியு போயிரும்.

1. முதல்ல எடுத்து வைக்க வேண்டியது

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லேம்ப், 5 மீட்டர் நீளத்துக்கு தடிமனான ஒயர் ஒன்னு ரெண்டு முனையிலயும் முதலை கிளிப் போட்டு, 10, 12, 13 நம்பர் ஸ்பேனர், எமரி பேப்பர், கம்பி பிரஷ், வாசலின், 10, 15, 20 ஆம்பியர் பியூஸ் ரெண்டு ரெண்டு. கூடவே ஒரு நோட்டு, பேனா.

டெஸ்ட் லேம்ப் கடைல வாங்க வேண்டியதில்ல, இண்டிகேட்டருக்கு போடுற 21 வாட் பல்பு ஒன்ன ஹோல்டரோட எடுத்து ரெண்டு ஒயர் இழுத்துக்கிட்டா போதும். மல்டிமீட்டர் இருக்கறப்ப இது எதுக்குன்னு கேப்பீங்க. ஒயர் உள்ளுக்குள்ள அந்துபோயி ஒரே ஒரு இழை மட்டும் களிம்பு பிடிச்சு ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தாலும் மல்டிமீட்டர் 12 வோல்ட்னு காட்டிரும், ஏன்னா அது இழுக்கற கரண்ட் ரொம்ப ரொம்ப கம்மி. 21 வாட் பல்பு கிட்டத்தட்ட ஒன்னே முக்கால்ல இருந்து ரெண்டு ஆம்பியர் வரைக்கும் இழுக்கும், அந்த ஒத்த இழையால குடுக்க முடியாது, பல்பு மங்கிரும். அப்பதான் ஒயரோட யோக்கியத தெரியும்.

மல்டிமீட்டருக்குள்ள இருக்கற பேட்டரி புதுசா இருக்கட்டும். அது இறங்கிப்போயிருந்தா இல்லாத வோல்டேஜ கூட்டிக் காட்டும், நீங்க நல்லா இருக்கற டைனமோவ கழட்டிக்கிட்டு உக்காந்திருப்பீங்க.

கை வைக்கிறதுக்கு முன்னாடி மோதிரம், காப்பு, மெட்டல் வாட்ச் எல்லாத்தையும் கழட்டுங்க. கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக், வீலுக்கு கல்லு. பேட்டரி கழட்டணும்னா மைனஸ முதல்ல, மாட்டும்போது மைனஸ கடைசில. பிளஸ்ஸ முதல்ல கழட்டப்போயி ஸ்பேனர் பாடில பட்டுச்சுன்னா மைனஸ் ஏற்கனவே பாடியோட இருக்கறதால நேரா ஷார்ட், ஸ்பேனர் சிவந்துரும். மைனஸ் கழண்டிருந்தா பட்டாலும் ஒன்னும் ஆகாது.

இன்னொன்னு, இதுக்கு நான் ரொம்ப பயப்படுவேன். வண்டி ஓடிக்கிட்டு இருக்கும்போதே பேட்டரி ஒயர கழட்டி 'வண்டி நிக்கலன்னா டைனமோ நல்லாருக்கு'ன்னு சொல்ற பழக்கம் நம்ம பக்கம் இன்னும் இருக்கு. செய்யவே செய்யாதீங்க. ஓடுற டைனமோல இருந்து பேட்டரிய திடீர்னு பிரிச்சா வோல்டேஜ் ஒரு நொடில பல மடங்கு எகிறும், ரெகுலேட்டர், டயோடு, மியூசிக் செட்டு எது வேணாலும் போயிரும். அதோட மெக்கானிக்கல் பம்பு டீசல் இன்ஜின் ஓடறதுக்கு ஸ்பார்க்குக்குன்னு கரண்ட் தேவையே இல்ல, அதனால வண்டி நிக்காம ஓடறது டைனமோவ பத்தி ஒன்னும் சொல்லாது.

2. ஸ்பேனர எடுக்கறதுக்கு முன்னாடி கோளாற எழுதுங்க

எது நடக்குது, எப்ப நடக்குது, அப்ப வேற எதெல்லாம் போட்டிருந்தீங்க. மழை பெஞ்ச மறுநாளா, வெயில்ல நின்ன பிறகா, பள்ளத்துல இறங்குனாலா, லோடு ஏத்துன பிறகா. எல்லாத்தையும் நோட்டுல எழுதுங்க, பத்து நிமிசம்தான் ஆகும்.

அப்பறம் ஒவ்வொரு ஸ்விட்சா தனித்தனியா போட்டு பாருங்க, ரெண்டு ரெண்டா சேத்தும் போட்டு பாருங்க. பிரேக் மட்டும், பார்க் லைட் மட்டும், அப்பறம் ரெண்டும் சேர்ந்து. ஒன்ன போட்டா இன்னொன்னு ஆட்டம் போடுதுன்னா அந்த ரெண்டுக்கும் பொதுவா எதோ ஒன்னு இருக்கு, ஒரே எர்த்தா இருக்கும் இல்லாட்டி ஒரே பியூஸா இருக்கும். தேடுற எடம் இதுலயே பாதியா குறைஞ்சுரும்.

கோளாறு வர்றதுக்கு முன்னாடி வண்டில கடைசியா என்ன வேல நடந்துச்சுங்கறது ரொம்ப முக்கியம். புது ஹாரன், எல்இடி பார், மியூசிக் செட்டு, பாடில வெல்டிங், பெயிண்ட். குறிப்பா பெயிண்ட். 8 வருஷம் தாண்டுன லோடு வண்டிக்கு வருஷா வருஷம் எப்சி (வண்டி தகுதிச் சான்று) காட்டணும்ல, அதுக்கு முன்னாடி சேசிஸ்ல இருந்து கேபின் வரைக்கும் சேத்து பெயிண்ட் அடிப்பாங்க. எர்த் போல்ட கழட்டி அடிக்கிறவங்க அந்த எடத்துலயும் அடிச்சுட்டு பெயிண்ட் மேலயே லக்க (ஒயர் முனைல இருக்கற வளையத்த) வச்சு முடுக்கிருவாங்க. எப்சி முடிஞ்சு வந்த மாசத்துலயே பேயும் ஏறிரும்.

3. பேட்டரி

வண்டி ஓடி நின்ன உடனே பேட்டரிய அளக்காதீங்க, டைனமோ ஏத்துன மேலாப்பு சார்ஜ் கூடுதலா காட்டும். ஹெட்லைட்ட 2 நிமிசம் போட்டு அணைச்சுட்டு கொஞ்ச நேரம் விட்டு அளங்க. 12.6 வோல்ட் இருந்தா புல் சார்ஜ், 12.4னா முக்கால், 12.2னா பாதி, 12க்கு கீழ போனா பேட்டரி காலின்னே வச்சுக்கங்க. காலி பேட்டரிய வச்சுக்கிட்டு மேல எந்த டெஸ்டும் பண்ணாதீங்க, எல்லா அளவும் பொய்யா வரும். சார்ஜ் ஏத்திட்டு வந்து ஆரம்பிங்க.

அடுத்து செல்ப் அடிக்கும்போது அளக்கணும். ஸ்டாப் கேபிள இழுத்து வச்சுக்கிட்டோ, பம்புல டீசல நிறுத்தற சொலினாய்டு ஒயர கழட்டியோ வண்டி ஸ்டார்ட் ஆகாம பாத்துக்கங்க. ஒருத்தர் சாவிய திருப்பட்டும், பத்து செகண்டுக்கு மேல வேணாம், செல்ப் மோட்டார் சூடாயிரும். அப்ப பேட்டரி வோல்டேஜ் 9.6க்கு கீழ விழுந்துச்சுன்னா, அதுவும் புல் சார்ஜ் இருந்தும் விழுந்துச்சுன்னா, பேட்டரி போச்சு, இல்லாட்டி செல்ப் மோட்டார் அளவுக்கு மேல இழுக்குது.

முனை எங்க வைக்கிறீங்கங்கறதுலதான் புதுசா செய்றவங்க தப்பு பண்றாங்க. மல்டிமீட்டர் முனைய கிளாம்பு மேல வைக்காம ஈய முனை மேலயே வைங்க. அப்பறம் ஒரு முனைய ஈய முனைலயும் இன்னொன்ன அதே பக்கத்து கிளாம்பு மேலயும் வச்சு செல்ப் அடிக்கச் சொல்லுங்க. அங்க அரை வோல்ட் காட்டுச்சுன்னா பேட்டரி நல்லா இருக்கு, கிளாம்புக்கு உள்ள களிம்பு பிடிச்சிருக்கு. நல்ல பேட்டரிய தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கறது பாதிக்கு பாதி இதனாலதான்.

வெள்ளையும் பச்சையுமா பூத்திருந்தா ஆப்ப சோடாவ வெந்நில கரைச்சு ஊத்துங்க, நுரைச்சுக்கிட்டு கழண்டு வரும். மூடி வழியா பேட்டரிக்குள்ள இறங்கக் கூடாது, ஆசிட் கெட்டுரும். நல்ல தண்ணி ஊத்தி, துடைச்சு, எமரி போட்டு தேச்சு, கிளாம்ப முடுக்கி, அதுக்கு மேல வாசலின் தடவுங்க. நம்மூரு சித்திரை வெயிலுக்கு பேட்டரி தண்ணி சீக்கிரம் வத்தும், மாசம் ஒருக்கா பாத்து டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊத்துங்க. பக்கத்துல பீடி, சிகரெட் கூடாது, பேட்டரில இருந்து வர்ற கேஸ் ஹைட்ரஜன்.

4. எர்த் (இங்க நேரத்த செலவு பண்ணுங்க)

பிளஸ்ல இருந்து போற கரண்ட் பல்பு வழியா போயி மைனஸுக்கு திரும்பி வந்தாகணும். திரும்பற வழி பாடியும் சேசிஸும். அந்த வழில துரு, பெயிண்ட், களிம்புன்னு எதாச்சும் மறிச்சா கரண்ட் அங்கயே நின்னுறாது, வேற எந்த சந்து கிடைக்குதோ அதுல புகுந்து போகும். அந்த சந்து பக்கத்துல இருக்கற இன்னொரு பல்பா இருக்கும், மீட்டர் முள்ளா இருக்கும். நீங்க பாக்கற பேயி அதுதான்.

பழைய பிக்கப்ல மூணு எர்த்த கண்டிப்பா தேடிப் பிடிங்க. பேட்டரி மைனஸ்ல இருந்து சேசிஸுக்கு போறது. இன்ஜின்ல இருந்து சேசிஸுக்கு போற பின்னல் பட்டை. கேபின்ல இருந்து சேசிஸுக்கு போறது. இன்ஜினும் கேபினும் ரப்பர் மேல உக்காந்திருக்கு, ரப்பர்ல கரண்ட் போகாது, அதனால இந்த பட்டைய விட்டா வேற முறையான வழி கிடையாது.

மேலூர்ல இருந்து வந்த ஒரு தம்பி வண்டில செல்ப் சோம்பலா சுத்துச்சு. செல்ப் மோட்டார ரெண்டு தடவ கழட்டி மாட்டியிருந்தாங்க. அஞ்சாறு தடவ செல்ப் அடிக்க வச்சுட்டு ஆக்சிலேட்டர் கேபிள் உறைய தொட்டேன், கை வைக்க முடியல, அப்படி ஒரு சூடு, பிளாஸ்டிக் உறை வளவளன்னு இளகிருந்துச்சு. கீழ படுத்துப் பாத்தா இன்ஜின் எர்த் பட்டை போல்டோட இருக்கு, ஆனா லக்குக்கு பக்கத்துல கருத்து அந்துபோயி நாலஞ்சு இழைல தொங்குது. நூத்துக்கணக்கான ஆம்பியர் திரும்ப வழியில்லாம அந்த மெல்லிசு கேபிள் வழியா போயிருக்கு. பட்டைய மாத்துனதும் 'கிர்ர்'னு ஒரே சுத்துல எடுத்துச்சு.

எர்த்த கண்ணால பாத்து நம்பாதீங்க, அளங்க. மல்டிமீட்டர டிசி வோல்ட்ல வைங்க. கருப்பு முனை பேட்டரி மைனஸ் ஈயத்து மேல, சிவப்பு முனை இன்ஜின்ல பெயிண்ட் இல்லாத இரும்பு மேல. செல்ப் அடிக்கச் சொல்லுங்க. 0.2 வோல்ட்டுக்குள்ள காட்டுனா நல்ல எர்த். 0.5 தாண்டுனா அந்த வழில கண்டிப்பா கோளாறு இருக்கு.

அடுத்து ஹெட்லைட், வைப்பர், பார்க் லைட்டுன்னு எல்லாத்தையும் போட்டு விட்டு சிவப்பு முனைய கேபின் இரும்புல வைங்க, 0.1க்குள்ள இருக்கணும். அதே மாதிரி பின்னாடி போயி டெய்ல் லேம்ப் ஹோல்டர்லயும் வைங்க, அதுக்குத்தான் அந்த 5 மீட்டர் ஒயரு. பிரேக்க மிதிச்சு, இண்டிகேட்டர போட்டு பாருங்க. அங்க 1 வோல்ட், 2 வோல்ட்னு காட்டுச்சுன்னா ஆள பிடிச்சுட்டீங்க.

எல்லாத்தையும் போட்டு விட்டு அளங்கன்னு நான் திரும்பத் திரும்ப சொல்றதுக்கு காரணம் இருக்கு. கரண்ட் ஓடாதப்ப எந்த எர்த்தும் நல்ல எர்த்தாத்தான் தெரியும். சில பேரு மல்டிமீட்டர ஓம்ஸ்ல வச்சு 'பீப்' சத்தம் வருது, எர்த் நல்லாருக்குன்னு விட்ருவாங்க. ஒத்த இழை ஒட்டியிருந்தாலும் பீப் வரும்.

சந்தேகம்னா சீக்கிரமா பாக்க ஒரு வழி இருக்கு. 5 மீட்டர் ஒயரோட ஒரு கிளிப்ப பேட்டரி மைனஸ்ல மாட்டுங்க, இன்னொன்ன கோளாறு பண்ற லைட்டோட எர்த்துல வைங்க. அந்த நிமிசமே ஆட்டம் நின்னுச்சுன்னா கோளாறு அந்த எர்த்துல. ஒரு ரூவா செலவு இல்லாம தெரிஞ்சுரும். இந்த ஒயர வச்சுக்கிட்டு செல்ப் மட்டும் அடிக்காதீங்க, அந்த கரண்ட்ட அது தாங்காது.

சரி பண்றது எப்படின்னா, போல்ட முழுசா கழட்டுங்க, லக்க எமரி போட்டு தேய்ங்க, சேசிஸ்ல அது உக்கார்ற எடத்துல பெயிண்ட சுரண்டி பளபளன்னு இரும்பு தெரியற வரைக்கும் தேய்ங்க, பல்லு வாஷர் போட்டு முடுக்குங்க, அதுக்கு மேல வாசலின பூசி விடுங்க, தண்ணி ஏறாது. மேலோட்டமா முடுக்கி விடறது ஒரு வாரம் தாங்கும், மறுபடி வந்துரும். லக்குல ஒயர் நுழையற எடத்த இழுத்துப் பாருங்க, கையோட வந்தா புதுசு போடுங்க.

5. டெய்ல் லேம்ப்: பிரேக் போட்டா பார்க் லைட் எரியற கத

பின்னாடி பிரேக்குக்கும் பார்க்குக்கும் ஒரே பல்பு போட்டிருந்தா அது 21/5 வாட், ரெண்டு இழை. பிரேக்குக்கு 21 வாட் இழை, பார்க்குக்கு 5 வாட் இழை. ரெண்டும் உள்ள ஒரே எர்த்துல சேருது. அந்த எர்த் போயிருச்சுன்னா பிரேக் கரண்ட் 21 வாட் இழை வழியா வந்து, திரும்ப வழியில்லாம 5 வாட் இழைக்குள்ள தலைகீழா ஏறி, பார்க் லைட் ஒயரப் பிடிச்சு முன்னாடி போயி, மத்த பார்க் பல்புங்க, மீட்டர் போர்டு பல்பு வழியா எர்த் ஆயிரும். அதான் பார்க் ஸ்விட்ச் போடாமயே மீட்டர் போர்டு மங்கலா எரியுது.

இதுக்கு காம்பினேஷன் ஸ்விட்ச மாத்துனவங்கள எனக்கு தெரியும். ஹோல்டருக்கு பின்னாடி ஒரு கருப்பு ஒயர், அதோட லக்கு துருப்பிடிச்ச ஸ்க்ரூல இருந்துச்சு, அவ்வளவுதான் கோளாறு. மீன், காய்கறின்னு ஈரமா லோடு ஏத்துற வண்டில பாடில இருந்து ஒழுகற தண்ணி நேரா இந்த எடத்துலதான் விழும்.

எர்த் நல்லா இருந்தும் இதே ஆட்டம் இருந்துச்சுன்னா பல்ப கழட்டிப் பாருங்க. ரெண்டு இழை ஹோல்டர்ல ஒத்த இழை பல்ப அமுக்கி மாட்டியிருப்பாங்க. ரெண்டு இழை பல்புல பக்கவாட்டு ஊசி ரெண்டும் உசர தாழ இருக்கும், ஒத்த இழைல சமமா இருக்கும், அத ராவி மாட்டுனா அடில இருக்கற ஈயம் ரெண்டு முனையையும் சேத்து இணைச்சுரும்.

ஒரு பக்க இண்டிகேட்டர் மட்டும் வேகமா அடிச்சா அந்தப் பக்கம் ஒரு பல்பு எரியல, இல்லாட்டி எல்இடி மாத்தியிருக்கீங்க. பிளாஷர அதுக்கு அப்பறம் பாருங்க.

6. சார்ஜிங்

நம்ம பக்கம் டைனமோம்போம், உள்ள இருக்கறது ஆல்டர்னேட்டர். வண்டிய ஸ்டார்ட் பண்ணி கொஞ்சம் ரேஸ் குடுத்து பேட்டரில அளங்க, 13.8ல இருந்து 14.5க்குள்ள இருக்கணும். ஹெட்லைட், வைப்பர் போட்டும் 13.5க்கு கீழ போகக் கூடாது. போச்சுன்னா முதல்ல பெல்ட்ட பாருங்க, அப்பறம் டைனமோ பின்னாடி இருக்கற தடி ஒயரோட நட்ட பாருங்க, டைனமோவ கடைசில பாருங்க.

15 வோல்ட்டுக்கு மேல போனா ரெகுலேட்டர் போச்சு. அடிக்கடி பல்பு பியூஸ் போறதும் பேட்டரி தண்ணி வாரா வாரம் வத்தறதும் இதோட அடையாளம். எங்க வண்டியவே நாலு மாசம் இதுக்கு அலையவிட்டுருச்சு, ஒரு ஒர்க்‌ஷாப்ல பல்பு கம்பெனி சரியில்லன்னு சொல்லி மாத்தி மாத்தி போட்டாங்க. ஒருநா நானே அளந்தேன், ரேஸ் குடுத்தா 15.6.

டயோடு ஒன்னு போயிருந்தா வோல்டேஜ் ஏறக்குறைய சரியாத்தான் காட்டும், ஆனா லைட்டு துடிக்கும், மியூசிக் செட்டுல ரேஸுக்கு ஏத்த மாதிரி 'ஊய்ய்'னு ஒரு சத்தம் வரும், சார்ஜிங் லைட்டு இருட்டுல பாத்தா மங்கலா எரியும். வண்டி ஓடும்போது மல்டிமீட்டர ஏசி வோல்ட்ல மாத்தி பேட்டரில வைங்க, 0.5க்கு மேல காட்டுனா டயோடு.

பழைய டீசல் பலதுல பிரேக்குக்கு வேணுங்கற வேக்கம் பம்பு டைனமோ முதுகுலதான் உக்காந்திருக்கும். அந்த ஆயில் சீல் போனா ஆயில் டைனமோவுக்குள்ள இறங்கி கார்பன கெடுத்துரும். டைனமோ பின்னாடி ஆயில் கசிவு இருந்தா சீல மாத்தாம டைனமோ மட்டும் ரிப்பேர் பண்ணாதீங்க, மறுபடி வரும். பெல்ட் அந்துபோனா இந்த வண்டிங்கள்ல சார்ஜிங்கோட பிரேக்கும் கட்டையாயிரும், மலை இறக்கத்துல லோடோட இருக்கறத நினைச்சுப் பாத்து பெல்ட்ட மாத்துங்க.

சாவி போட்டதும் சார்ஜிங் லைட்டு எரியலன்னா அந்த பல்ப மாத்துங்க. பழைய டைனமோவுக்கு சார்ஜ் ஆரம்பிக்க முதல் கரண்ட் அந்த பல்பு வழியாத்தான் போகும்.

7. பியூஸ், ஷார்ட், ஒயர்

பியூஸ கழட்டி வெளிச்சத்துல பாக்கறதோட நிப்பாட்டாதீங்க. மாட்டுனபடியே சாவிய போட்டு, டெஸ்ட் லேம்போட ஒரு முனைய எர்த்துல வச்சுக்கிட்டு, பியூஸோட ரெண்டு தலைலயும் தொட்டு பாருங்க, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி எரியணும். ஒரு பக்கம் மட்டும் எரிஞ்சா பியூஸ் போச்சு, ரெண்டு பக்கமும் எரியலன்னா கரண்ட்டே வரல. பியூஸ் பாக்ஸ்ல எதாவது கால் கருத்தோ உருகியோ இருந்தா அந்த கிளிப் தளர்ந்துபோச்சு, அதுதான் சூடாகுது.

நிறத்த மனசுல வச்சுக்கங்க. செவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. பியூஸ் போயிக்கிட்டே இருக்குன்னு 10 எடத்துல 30 போடறதும், சிகரெட் பேப்பர் ஜரிகைய சுத்தறதும், ஒயர வச்சு கட்டறதும் வண்டிய கொளுத்தற வேல. பியூஸ் தாங்கிக்கிச்சுன்னா அடுத்து உருகறது ஒயரு, அது கால்மேட்டுக்கு அடில ஓடுது, டேஷ்போர்டுக்குள்ள ஓடுது.

ஷார்ட்ட கண்டுபிடிக்க பியூஸ வீணாக்க வேணாம். போன பியூஸ கழட்டி அந்த ரெண்டு காலுக்கு நடுவுல 21 வாட் டெஸ்ட் லேம்ப மாட்டுங்க, அந்த லைனுல இருக்கற பல்பு, மோட்டார் எல்லாத்தையும் கழட்டி விட்ருங்க. லேம்ப் பளிச்னு எரிஞ்சா ஷார்ட் இருக்கு. இப்ப ஒயர் கட்ட முன்னாடி இருந்து பின்னாடி வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஆட்டிக்கிட்டே போங்க, கப்ளர (ஒயருங்க சேர்ற பிளக்க) ஒன்னொன்னா பிரிங்க. எந்த எடத்துல லேம்ப் அணையுதோ அங்கதான் ஒயரு இரும்புல உரசுது.

ஒயரு தேயற எடம் எல்லா பிக்கப்லயும் ஏறக்குறைய ஒன்னுதான். கேபின் தகட்டு ஓட்டைல ரப்பர் போன எடம், ஸ்டியரிங் அடி, சேசிஸ் முனை, கியர்பாக்ஸ்ல ரிவர்ஸ் ஸ்விட்சுக்கு போற ஒயரு, பாடி கட்டும்போது போட்ட யூ போல்ட்டுக்கு கீழ. லோடு ஏத்துனா மட்டும் வர்ற கோளாறு நிறைய இந்த யூ போல்ட்லதான்.

எலிய மறந்துறாதீங்க. களத்து மேட்டுல, வைக்கோப்போருக்கு பக்கத்துல நிக்கற வண்டில பேட்டரி தட்டுக்கு அடில, ஹெட்லைட்டுக்கு பின்னாடி புழுக்கை கிடக்கான்னு பாருங்க. புழுக்கை கிடந்தா அங்க சுத்தி இருக்கற ஒயர விரலால தடவிக்கிட்டே போங்க, கண்ணுக்கு தெரியாத கடி விரலுக்கு தட்டுப்படும்.

ரிலே (சின்ன கரண்ட்ட வச்சு பெரிய கரண்ட்ட போட்டு அணைக்கற ஸ்விட்ச்) சந்தேகம்னா பக்கத்துல இருக்கற அதே மாதிரி ரிலேவ மாத்தி வச்சு பாருங்க, கோளாறு கூடவே எடம் மாறுனா ரிலேதான். ரிலே அடில 85, 86 காயில், 30ல கரண்ட் உள்ள வருது, 87ல வெளிய போகுது. 'டிக்' சத்தம் வந்துட்டா ரிலே நல்லாருக்குன்னு அர்த்தமில்ல, உள்ள பாயிண்ட் கருகியிருந்தாலும் சத்தம் வரும்.

டீசல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் ஒன்னா ஏறி ஒன்னா இறங்குனா டேங்க் மிதவையையும் சென்சாரையும் விட்ருங்க. ரெண்டுக்கும் பொதுவானது மீட்டர் போர்டு எர்த்து, பழைய மாடல்ல அதுக்கு பின்னாடி இருக்கற வோல்டேஜ் ஸ்டெபிலைசர். டெம்பரேச்சர் முள்ளு மட்டும் ஏறுனா முதல்ல ரேடியேட்டர் தண்ணிய பாருங்க, நிஜமாவே சூடாகியிருக்கலாம்.

8. ராத்திரில பேட்டரி இறங்குதுன்னா

சாவிய எடுத்துட்டு, கதவ சாத்திட்டு, பேட்டரி மைனஸ் ஒயர கழட்டுங்க. மல்டிமீட்டர 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாத்தி, ஒரு முனைய பேட்டரி மைனஸ்லயும் இன்னொன்ன கழட்டுன ஒயர்லயும் வைங்க. 50 மில்லி ஆம்பியருக்குள்ள, அதாவது 0.05க்குள்ள காட்டுனா பயமில்ல. மல்டிமீட்டர் இப்படி இருக்கறப்ப சாவிய தொடாதீங்க, செல்ப் அடிச்சா மல்டிமீட்டர் பியூஸ் போயிரும்.

அரை ஆம்பியர் காட்டுதுன்னு வைங்க, ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் ஹவர். 70 ஆம்பியர் ஹவர் பேட்டரி மூணு நாள் நின்னாலே பாதி காலி. இப்ப பியூஸ ஒன்னொன்னா உருவுங்க, எத உருவுனா அளவு பொத்துனு விழுதோ அந்த லைனுலதான் திருட்டு. எல்லாத்தையும் உருவியும் விழலன்னா பியூஸ் இல்லாம நேரா போற லைன பாருங்க, பெரும்பாலும் டைனமோ டயோடு. டைனமோ தடி ஒயர கழட்டி டேப் சுத்தி வச்சுட்டு மறுபடி அளங்க, மல்டிமீட்டர எடுத்துட்டு கழட்டுங்க.

மியூசிக் செட்டுல மஞ்சள் ஒயரு நிரந்தர கரண்ட், சிவப்பு சாவி போட்டா வர்ற கரண்ட். அவசரத்துல ரெண்டையும் சேத்து முறுக்கி பேட்டரில குடுத்துருப்பாங்க, நான் பாத்த இறக்கத்துல பாதிக்கு மேல இதுதான்.

வேல முடிஞ்சதும் மல்டிமீட்டர் சிவப்பு ஒயர வோல்ட் ஓட்டைக்கு மாத்திருங்க. 10 ஆம்பியர் ஓட்டைலயே விட்டுட்டு அடுத்த தடவ பேட்டரி வோல்ட் பாக்க வச்சா அது நேரடி ஷார்ட், முனை தீப்பொறி கக்கும். கத்துக்கற எல்லாரும் ஒருக்கா இத பண்றாங்க, நீங்க பண்ணாதீங்க.

9. சரி பண்ணும்போது

ஒரு தடவைக்கு ஒரு வேல. ஒன்ன மாத்துங்க, ஓட்டிப் பாருங்க, எழுதுங்க, அப்பறம் அடுத்தது. மூணு வேலைய சேத்து பண்ணிட்டு கோளாறு போயிருச்சுன்னா எதுல போச்சுன்னே தெரியாது, மறுபடி வந்தா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

ஒயர முறுக்கி டேப் சுத்தறது நம்ம வெயிலுக்கு தாங்காது, பசை இளகி டேப் வழுக்கிரும். பழைய ஒயர வெட்டி உள்ள செம்பு பளிச்னு தெரியற வரைக்கும் போங்க, பச்சையோ கருப்போ இருந்தா இன்னும் வெட்டுங்க. ஈயம் வச்சோ, ஜாயிண்ட் லக்க அழுத்தியோ இணைச்சு, மேல சூடு காட்டி சுருக்கற ஸ்லீவ் போடுங்க. ஸ்லீவ முன்னாடியே ஒயர்ல கோத்துக்கங்க, ஜாயிண்ட் போட்ட பிறகு நுழையாது. புது ஒயரு பழசோட தடிமனுக்கு குறையக் கூடாது.

ஹெட்லைட் மங்கலா இருக்குன்னு 100/90 வாட் பல்பு போடாதீங்க. 60/55 பல்பு ரெண்டு எரிஞ்சாலே 10 ஆம்பியர் கிட்ட அந்த சின்ன ஸ்விட்ச் வழியா போகுது, பழைய வண்டில ஸ்விட்ச் உருகறதே இதனாலதான். அதே 60/55 பல்ப வச்சு, பேட்டரில இருந்து பியூஸ் போட்டு ரிலே வழியா நேரா கரண்ட் குடுங்க. பேட்டரிக்கு ஒரு சாணுக்குள்ள பியூஸ் இருக்கணும், பியூஸுக்கு முன்னாடி ஒயரு உரசுனா காப்பாத்த ஒன்னும் இல்ல. இத செஞ்சு முடிச்ச அன்னைக்கு ராத்திரி எங்க வண்டில ரோட்டு ஓரத்து புளியமரம் ஒன்னொன்னா தெரிஞ்சுச்சு.

கடைசியா நின்ன பேட்டரி வோல்ட், ஓடும்போது வோல்ட், இன்ஜின் எர்த், கேபின் எர்த், டெய்ல் லேம்ப் எர்த், ராத்திரி இறக்கம், இந்த ஆறு அளவையும் தேதியோட ஒரு அட்டைல எழுதி சன் வைசருக்கு பின்னாடி செருகி வைங்க. டைனமோ, செல்ப் உள்வேலைக்கு ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட போகத்தான் வேணும், போகும்போது அந்த அட்டைய குடுங்க, அவரும் அங்கேருந்தே ஆரம்பிச்சுக்குவாரு.